காய்ச்சலும் பாய்ச்சலும்: அணைக்கட்டு, வடிகால், மலேரியா பற்றிய ஒரு சொல் வரலாறு

‘ஹாப்சன்-ஜாப்சன்’ எனப்படும் ஆங்கில-இந்தியச் சொற்களஞ்சியத்தை ஒருமுறையேனும் புரட்டாத மொழிபெயர்ப்பாளர் நம்மிடையே குறைவு. 1886ஆம் ஆண்டில் வெளிவந்த அந்நூலுக்கு ஆசிரியர் இருவர். ஒருவர், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்து அரண்மனை வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை வகுத்தவரும், ஐந்திர இலக்கண மரபு பற்றி எழுதியவருமான ஆர்தர் கோக் பர்னல். மற்றவர் ஹென்றி யூல். மார்க்கோ போலோவின் பயண நூலை விரிவான குறிப்புகளுடன் 1871இல் ஆங்கிலத்தில் தந்தவர் என்ற அளவில் யூலை மொழித்துறையினர் அறிவர். அவர் தொழிலால் பொறியாளர் என்பதும், இருபதுகளின் நடுவயதில் அவர் கையெழுத்திட்ட அறிக்கை ஒன்று மலேரியா ஆய்வு வரலாற்றில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது என்பதும் மொழித்துறையில் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

தேக்கிய நீருக்கும் காய்ச்சலுக்கும் உள்ள தொடர்பு இந்தியாவில் எவ்வாறு கண்டறியப்பட்டது, எவ்வாறு மறக்கப்பட்டது, மீண்டும் எவ்வாறு பேச்சுக்கு வந்தது என்பதை அவ்வறிக்கையிலிருந்து தொடங்கி நோக்குவதும், அத்தொடர்பைத் தமிழில் எடுத்துரைக்கும்போது எச்சொற்கள் துணைநிற்கின்றன, எவை வழிமாற்றுகின்றன என்பதை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கர்னால் அறிக்கை

மேற்கு யமுனைக் கால்வாய் 14ஆம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் காலத்தில் வெட்டப்பட்டது. ஷாஜகான் காலத்தில் டில்லி வரை நீட்டப்பட்டது. பின்னர் தூர்ந்துபோய், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியாரால் புதுப்பிக்கப்பட்டது. புதுப்பித்தவர்கள் பெரும்பாலும் பழைய தடத்தையே பின்பற்றினர். அத்தடம் பல இடங்களில் தாழ்நிலத்தின் வழியே, மழைநீர் இயல்பாக வடியும் பாதைகளைக் குறுக்கிட்டுச் சென்றது. கரையை உயர்த்திக் கால்வாயை ஓடவிட்டதும் இருபுறமும் வடிய வழியற்ற நீர் நின்றது, வயல்கள் சதுப்பாயின, உவர் பூத்தது. கால்வாயோரம் இருந்த கர்னால் படைமுகாமில் காய்ச்சல் தாங்கமுடியாத அளவுக்குப் பெருகவே, 1840களின் தொடக்கத்தில் அம்முகாம் கைவிடப்பட்டுப் படைகள் அம்பாலாவுக்கு மாற்றப்பட்டன.

அதே காலத்தில்தான் அதனினும் பெரிய கங்கைக் கால்வாய்த் திட்டத்தைப் புரோபி காட்லி வகுத்துக்கொண்டிருந்தார். ஒரு கால்வாய் ஒரு படைமுகாமையே காலிசெய்ய வைத்தது என்றால், அதனினும் பெரிய கால்வாய் தோவாப் பகுதி முழுவதையும் என்ன செய்யும் என்ற ஐயம் எழுந்தது. 1845இல் மூவர் குழு ஒன்று அமைக்கப்பட்டது. பொறியாளர் பேக்கர், மருத்துவர் டெம்ஸ்டர், லெப்டினன்ட் யூல் ஆகியோர் அதன் உறுப்பினர். குழுவின் அறிக்கை 1847இல் வெளியாயிற்று.

டெம்ஸ்டர் கையாண்ட முறை எளியது, அக்காலத்தில் புதியது. ஊர் ஊராகச் சென்று மக்களின் இடப்பக்க விலா எலும்பின்கீழ்க் கைவைத்து, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று தடவிப்பார்த்து, வீங்கியவர் நூற்றுக்கு எத்தனை பேர் எனக் கணக்கிட்டார். காய்ச்சல் அடிக்கும் பருவம் கடந்த பின்னும் அதன் தடம் உடலில் எஞ்சும் என்ற அறிவின்மேல் எழுந்த கணக்கு இது. ‘மண்ணீரல் விகிதம்’ என்று பின்னாளில் பெயர்பெற்ற இவ்வளவை, குருதிச் சோதனை பரவலாகும்வரை உலகெங்கும் மலேரியாவின் முதன்மை அளவுகோலாக நின்றது. தமிழ் மருத்துவ வழக்கு இந்தத் தொடர்பைத் தன் போக்கில் முன்பே அறிந்திருந்தது. நெடுநாள் காய்ச்சலால் வீங்கி இறுகிய மண்ணீரலுக்குக் ‘காய்ச்சற்கட்டி’ என்று பெயர். ஒரு கூட்டுச்சொல்லுக்குள் நோயும் அதன் தடமும் ஒன்றாக அமைந்துள்ளன. டெம்ஸ்டர் செய்தது, அவ்வறிவை எண்ணிக்கையாக்கியதே.

குழு கண்ட முடிவு இன்னும் கருதத்தக்கது. பாசனம் பெற்ற ஊர்கள் அனைத்திலும் மண்ணீரல் வீக்கம் ஒரே அளவில் இல்லை. நீர் பாய்ந்தும், மண் இளகியதாய், வடிகால் தடைப்படாமல் இருந்த ஊர்கள் பெருமளவு தப்பின. கெட்டியான களிமண்ணும் அடைபட்ட வடிகாலும் சேர்ந்த இடங்களில் வீக்கம் மிகுந்தது. எனவே குற்றம் பாசனத்தில் இல்லை, வடிகாலை அடைத்ததில் இருக்கிறது என்று குழு முடிவு செய்தது. கால்வாயை நீர்பிரி மேட்டின் வழியே கொண்டுசெல்ல வேண்டும். இயன்றவரை நீர்மட்டம் நிலமட்டத்துக்கு மேலே போகக்கூடாது. பெரிய ஊர்களை ஒட்டிப் பாசனம் கூடாது. மண் எடுத்த பள்ளங்களை அப்படியே விடக்கூடாது என்பன போன்ற பரிந்துரைகள் அதிலிருந்து எழுந்தன. கங்கைக் கால்வாய் 1854 ஏப்ரலில் திறக்கப்பட்டது.

மூவரும் நம்பிய காரணக் கொள்கை தவறானது. அழுகிய ஈரநிலத்திலிருந்து எழும் நச்சுக்காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்று அவர்கள் கருதினர். ஒட்டுண்ணியை லாவரான் அல்ஜீரியாவில் கண்டது 1880இல். கொசுவின் குடற்சுவரில் அதன் வளர்நிலையை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டது 1897 ஆகஸ்டு 20இல். இருப்பினும், காரணத்தைத் தவறாகப் பெயரிட்டவர்கள் தீர்வைச் சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். வடிகாலைத் திறந்தால் நச்சுக்காற்றும் இல்லை, கொசுவும் இல்லை. 1930இல் இந்திய மலேரியா ஆய்வு நிறுவனத்தின் ஏடு, 83 ஆண்டுகளுக்கு முந்திய இவ்வறிக்கையை மறுபதிப்புச் செய்தது. வெறும் பழம்பொருளாக எண்ணியிருந்தால் அது நிகழ்ந்திராது.

அறிக்கையில் கையெழுத்திட்ட அதே யூலின் அகராதியில் ‘அனிகட்’ என்ற பதிவு உள்ளது. சென்னை மாகாணப் பாசனத்தில் ஆற்றின் குறுக்கே கட்டப்படும் அணையைக் குறிப்பது. அண்மையில் இந்தியா முழுவதும் பழகிவிட்ட சொல். தமிழ்க் கூட்டுச்சொல்லாகிய ‘அணைக்கட்டு’ என்பதிலிருந்து வந்தது என்று அப்பதிவு விளக்குகிறது. வட இந்தியக் கால்வாய்ப் பொறியாளரும் தஞ்சை நீதிபதியும் சேர்ந்து செய்த நூலில் இச்சொல் இடம்பெறாதிருந்தால்தான் வியப்பு. ஆனால் அன்று அச்சொல் குறித்த பொருளும் இன்று குறிக்கும் பொருளும் ஒன்றல்ல. கல்லணையும், 1836இல் ஆர்தர் காட்டன் எழுப்பிய மேலணையும் நீரைச் சேமிப்பவை அல்ல. மட்டத்தைச் சற்று உயர்த்தித் திருப்பிவிடுபவை. வெள்ளம் அவற்றின்மீது ஏறிப் போய்விடும். மேட்டூர் போன்ற பேரணைகள் ஓராண்டு நீரை ஒரு பள்ளத்தாக்கில் நிறுத்திவைப்பவை. இரண்டையும் ‘அணைக்கட்டு’ என்றே வழங்குகிறோம். சொல்லின் பொருள் விரிந்ததில் தவறில்லை. நோயின் வரலாற்றை மொழிபெயர்க்கும்போது மட்டும் எந்த அணை என்று கேட்டுக்கொள்ளவேண்டியிருக்கிறது. ஏனெனில் ஓடும் நீரில் வாழாத புழு, நிற்கும் நீரில் வாழும்.

நோயின் பெயர்கள்

‘மலேரியா’ என்பது ‘கெட்ட காற்று’ எனப் பொருள்படும் இத்தாலியத் தொடர். 1740இல் உரோமிலிருந்து எழுதிய கடிதத்தில் ஹொரேஸ் வால்போல் அதை ஆங்கிலத்தில் கையாண்டார். 1827இல் மக்கல்லாக் எழுதிய நூல் அதை மருத்துவச் சொல்லாக நிலைநிறுத்தியது. பிரெஞ்சுமொழி வேறு வழியில் சென்று, சதுப்பு எனப் பொருள்படும் இலத்தீன் அடியிலிருந்து நோய்க்குப் பெயர் வைத்தது. ஒன்று காற்றைக் குற்றம் சாட்டுகிறது, மற்றது நிலத்தை. ஆயுர்வேதத்தின் ‘விஷமஜ்வரம்’ எதையும் குற்றம் சாட்டவில்லை. சீரற்று வருவது என்று மட்டும் சொல்கிறது. தமிழின் ‘முறைக்காய்ச்சல்’ அதற்கு நேரெதிர்த் திசையிலிருந்து அதே இடத்துக்கு வருகிறது: விட்டுவிட்டு, ஆனால் முறைவைத்து வருவது. காரணம் பேசாத பெயராதலின் இப்பெயரை எந்தக் கண்டுபிடிப்பும் பொய்யாக்கவில்லை. மலைநாட்டில் தங்கி வந்தோரைப் பற்றும் காய்ச்சலை ‘மலைக்காய்ச்சல்’ என்பதும் உண்டு. ‘மலேரியா’ என்ற பெயர் மக்களிடையே எளிதில் பரவியதற்கு இவ்வொலியொற்றுமையும் ஒரு காரணமாகலாம் என்பது என் கருத்து.

மொழிபெயர்ப்பாளருக்கு இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. இலத்தீன் மரபு காய்ச்சல் வரும் நாளையும் சேர்த்தே எண்ணும். எனவே ‘மூன்றாம் நாள் காய்ச்சல்’ எனப்படுவது 48 மணி நேரத்துக்கு ஒருமுறை வருவது. ‘நான்காம் நாள்’ என்பது 72 மணி நேரத்துக்கு ஒருமுறை வருவது. வடமொழி மருத்துவ நூல்களின் ‘திருதீயகம்’, ‘சதுர்த்தகம்’ ஆகியவையும் இவ்வாறே எண்ணுகின்றன. ‘மூன்று நாளைக்கு ஒருமுறை வரும் காய்ச்சல்’ என்று தமிழாக்கியவர்கள் ஒட்டுண்ணியின் வகையையே மாற்றிவிடுகிறார்கள். ‘ஒன்றுவிட்டு ஒருநாள்’ என்ற பேச்சுவழக்கு ஐயத்துக்கு இடம் தராதது.

‘காய்ச்சல்’ என்ற சொல்லையும் சற்று நோக்கவேண்டும். ‘காய்’ என்னும் வினையடிக்குச் சூடாதல், உலர்தல், உடல் வெம்மையுறுதல் ஆகிய மூன்று பொருளும் உண்டு. எனவே ‘காய்ச்சல்’ என்பது நோயையும் குறிக்கும், நிலம் உலர்ந்து கிடப்பதையும் குறிக்கும். மலையாளம் அதே நோயை ‘பனி’ என்கிறது. நடுக்கத்தை வைத்துப் பெயரிட்டது அது, வெம்மையை வைத்துப் பெயரிட்டது தமிழ். நடுங்கிப் பின் கொதிக்கும் முறைக்காய்ச்சலுக்கு இரண்டும் பொருந்தும். உலர்தல் என்ற பொருள் இக்கட்டுரையில் மீண்டும் வரும்.

வங்கத்து வாதம்

கர்னால் அறிக்கை வடிகாலைப் பற்றிச் சொன்னதை வங்கத்தில் வேறொரு வடிவில் சார்லஸ் பென்ட்லி வாதிட்டார். 1925இல் வெளிவந்த தம் நூலில், இரயில் பாதைக்கும் சாலைக்கும் எழுப்பிய மேடுகள் வண்டல் கலந்த வெள்ளநீர் வயல்களில் பரவுவதைத் தடுத்ததால், நிலம் வளம் குன்றியதோடு மலேரியாவும் பெருகியது என்றார். எகிப்தின் முதல் அசுவான் அணையை வடிவமைத்த வில்லியம் வில்காக்ஸ், கல்கத்தாப் பல்கலைக்கழகச் சொற்பொழிவுகளில் இவ்வாதத்தை இன்னும் தொலைவுக்குக் கொண்டுசென்று, பகீரதன் கங்கையைக் கொணர்ந்த கதையை ஒரு பழங்காலப் பொறியாளரின் சாதனையாகவே விளக்கினார். சொல்லாராய்ச்சியில் அவர் காட்டிய துணிவை நம் துறையினர் ஏற்பது கடினம். வெள்ளம் தீமை, தடுப்பு நன்மை என்ற எளிய எண்ணத்தை அவர்கள் இருவரும் அசைத்தனர் என்பது மட்டும் மறுக்கமுடியாதது.

பட்டுக்கோட்டை

மேட்டூர் அணைக் கட்டுமானம் 1925இல் தொடங்கி 1934இல் முடிந்தது. அத்திட்டத்தின் ஒரு பகுதியாகக் கல்லணையிலிருந்து புதிய கால்வாய் ஒன்று வெட்டப்பட்டுத் தஞ்சை மாவட்டத்தின் தென்பகுதியில், அதுவரை மழையையும் ஏரியையும் நம்பியிருந்த மேட்டுப்பாங்கான நிலங்களுக்கு நீர் கொண்டுசென்றது. அரசு ஆவணங்களில் அதன் பெயர் கல்லணைக் கால்வாய். மக்கள் வழக்கில் ‘புது ஆறு’. கால்வாயை ஆறு என்று அழைக்கும் இவ்வழக்கு டெல்டாவின் பழைய மனநிலையைக் காட்டுவது. வெண்ணாறும் வெட்டாறும் போல இதுவும் ஓர் ஆறு என்று மக்கள் எண்ணினர். நோய் அவ்வாறு எண்ணவில்லை.

பழைய டெல்டா, அத்தனை நெல்வயலும் அத்தனை நீரும் இருந்தும், மலேரியாவுக்குப் பெயர்போனதன்று. புதிதாகப் பாசனம் பெற்ற பட்டுக்கோட்டை வட்டாரத்தில் சில ஆண்டுகளுக்குள்ளேயே மலேரியா நிலைகொண்டது. இரண்டு இடத்திலும் நெல் ஒன்றே, காவிரி நீர் ஒன்றே. காய்ச்சல் மட்டும் ஓரிடத்தில் உண்டு, மற்றோரிடத்தில் இல்லை. இவ்வேறுபாட்டை ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் ராக்பெல்லர் அறக்கட்டளையைச் சேர்ந்த பால் ரஸ்ஸல். அவருடன் பொறியாளர் நைப், பின்னாளில் இந்திய அனாபிலிஸ் கொசுக்களைப் பற்றிய பெருநூலை எழுதிய டி. ராமச்சந்திர ராவ் முதலியோர் பணியாற்றினர்.

அவர்கள் கண்டவற்றுள் இரண்டைச் சொல்லவேண்டும். நோயைப் பரப்பிய அனாபிலிஸ் குலிசிபேசிஸ் என்னும் கொசு, நெல்வயலில் எப்போதும் முட்டையிடுவதில்லை. நாற்று நட்ட புதிதில், நீர்ப்பரப்பு திறந்து கிடக்கும்போது இடுகிறது. பயிர் ஏறத்தாழ ஓரடி உயர்ந்ததும் தண்டுகளே தடையாகிவிட, வயலை விட்டு நீங்குகிறது. எனவே ஒரு வட்டாரத்தில் நடவு எத்தனை வாரம் நீள்கிறது என்பது காய்ச்சலின் பருவத்தோடு தொடர்புடையதாகிறது. கசிவுநீர்ப் பள்ளங்களும், பயன்படாத பள்ளக்கால்களும், கரைக்கு மண் எடுத்த குழிகளும் நெல்வயலைப் போல ஒரு பருவத்தோடு நிற்பவை அல்ல. நீர் கொண்டுவரும் வாய்க்காலுக்குக் கொடுத்த கவனத்தை வடிவாய்க்காலுக்குக் கொடுக்காத திட்டங்களில் இவை பெருகும். கர்னாலில் 1847இல் எழுதப்பட்டது ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்குப் பின் காவிரிக்கரையிலும் உண்மையாயிற்று.

இரண்டாவது, 1942இல் வெளியான பாசன ஆய்வு. வயலில் எப்போதும் நீரை நிறுத்திவைக்காமல், சில நாள் பாய்ச்சிச் சில நாள் உலரவிட்டால் கொசுப்புழு முழுவளர்ச்சி அடைவதற்குள் மடிகிறது என்பதை அவர்கள் காட்டினர். முட்டையிலிருந்து கொசுவாவதற்கு ஒரு வாரத்துக்கு மேல் வேண்டும். அதற்கிடையில் நிலம் உலர்ந்தால் போதும். இம்முறைக்குத் தமிழ் உழவர் வழக்கில் ஆயத்தமாக ஒரு தொடர் உண்டு: ‘காய்ச்சலும் பாய்ச்சலுமாக’ நீர் விடுதல். இன்று நீர்ச் சிக்கனத்துக்காக வேளாண் அலுவலர்கள் இத்தொடரையே பயன்படுத்துகின்றனர். காய்ச்சல் என்ற ஒரு சொல் நோயையும் அதைத் தடுக்கும் முறையையும் ஒருங்கே குறிப்பது தமிழுக்கு வாய்த்த தற்செயல். மேலும், நீரைப் பங்கிட்டுத் தவணையில் விடும் ‘முறைப்பாசனத்தின்’ முறையும் முறைக்காய்ச்சலின் முறையும் ஒன்றே. ஆங்கில ஆய்வுரையைத் தமிழாக்குவோர் இவற்றை விட்டுவிட்டு ‘இடைவிட்ட நீர்ப்பாசன உத்தி’ என்று எழுதும்போது, உழவர் ஏற்கெனவே அறிந்த செய்தியை அவர் அறியாத செய்தியாக்கிக் கொடுக்கிறோம்.

ஆய்வு முறையாக நடந்தும் அது பரவலாகவில்லை. நீரைக் குறித்த நாளில் விடவும் குறித்த நாளில் நிறுத்தவும் மடை முழுவதும் ஒரே கட்டுப்பாட்டில் இருக்கவேண்டும். தலைமடையில் உள்ளவரும் கடைமடையில் உள்ளவரும் ஒரே நாளில் நட்டால்தான் அது கைகூடும். காவிரிப் பாசனத்தை அறிந்தவர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுவதில்லை.

நீர்விளிம்பு

அணையின் நீர்த்தேக்கம் பரந்து கிடந்தாலும் நோய்க்கு அதன் நடுப்பகுதி பொருட்டன்று. அனாபிலிஸ் புழுவுக்கு மூச்சுக்குழல் நீட்சி இல்லை. நீர்ப்பரப்புக்கு இணையாகப் படுத்துச் சுவாசிப்பது அது. அலை அடிக்கும் ஆழ்நீரில் அதனால் பிழைக்க முடியாது. புல்லும் செடியும் நீரைக் கிழித்து நிற்கும் ஆழமற்ற விளிம்பே அதன் இடம். எனவே கேட்கவேண்டியது நீர்த்தேக்கம் எவ்வளவு பெரிது என்பதன்று. அதன் கரை எவ்வளவு நீளம், எவ்வளவு சரிவு, நீர்மட்டம் எவ்வளவு விரைவாக இறங்குகிறது என்பனவே.

இதை முதலில் பெரிய அளவில் கையாண்டது அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம். 1933இல் ஆணையம் தொடங்கியபோது அப்பள்ளத்தாக்கின் சில பகுதிகளில் மக்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் மலேரியாவுக்கு ஆளாகியிருந்தனர். அதற்கு முன்பே, 1914இல் அலபாமாவில் கூசா ஆற்றில் எழுப்பிய அணையையொட்டிக் காய்ச்சல் பெருகி, மின்குழுமத்தின்மீது வழக்குகள் தொடரப்பட்டிருந்தன. ஆகவே ஆணையம் நீரை நிரப்புமுன் விளிம்பில் இருந்த மரஞ்செடிகளை அகற்றியது. நிரப்பிய பின் கோடைகாலத்தில் வாரந்தோறும் நீர்மட்டத்தை ஏறத்தாழ ஓரடி ஏற்றி இறக்கியது. இறக்கும்போது புழுக்கள் கரையில் ஒதுங்கி மடிந்தன. வீடுகளுக்கு வலைக்கதவும், பின்னாளில் டி.டி.டி.யும் சேர்ந்தன. 1950 அளவில் அப்பகுதியில் மலேரியா இல்லை எனலாம். இவ்வெற்றி முழுவதையும் நீர்மட்டக் கணக்குக்கு உரியதாக்குவது மிகை. மக்களின் வாழ்க்கைத்தரம் உயர்ந்ததும் அதே காலத்தில்தான்.

நீர் இறங்கியதும் வெளிப்படும் இந்த விளிம்பு நிலத்துக்கு ஆங்கிலப் பொறியியலில் தனிச்சொல் உண்டு. தமிழில் அதற்குப் பல புத்தாக்கங்களைக் கண்டிருக்கிறேன். ஏரிப்பாசன வழக்கிலும் கல்வெட்டுகளிலும் பயின்ற ‘உள்வாய்’ என்ற சொல், கரைக்கு உட்புறத்து நீர்பரவு நிலத்தைக் குறிப்பது. நீர் குறைந்த பருவத்தில் ஏரி உள்வாயில் பயிரிடுவது இன்றும் உண்டு. பேரணையின் விளிம்பு நிலத்துக்கும் இச்சொல்லை ஆளுவதில் தடையொன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

மறதியும் மீட்சியும்

விடுதலைக்குப் பின் இந்தியா பேரணைகளை எழுப்பிய காலமும் டி.டி.டி. தெளித்த காலமும் ஒன்று. ஹிராகுட் 1957இல் திறக்கப்பட்டது; பக்ரா 1963இல் நாட்டுக்கு அளிக்கப்பட்டது; நாகார்ஜுனசாகர் 1967இல் நீர் விட்டது. தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் 1953இல் தொடங்கி 1958இல் ஒழிப்புத் திட்டமாக மாறியது. விடுதலை பெற்ற காலத்தில் ஆண்டுக்கு ஏழரைக் கோடியாக மதிப்பிடப்பட்ட நோயாளர் தொகை 1961இல் 50,000 அளவுக்குக் குறைந்தது. நோயே இல்லாத இடத்தில் நோயைப் பெருக்கும் கட்டுமானத்தைப் பற்றிப் பேசுவார் யார்? அணைகள் தீங்கற்றவை என்று யாரும் மெய்ப்பிக்கவில்லை. மருந்து தெளித்த ஆண்டுகளில் தீங்கு புலப்படவில்லை, அவ்வளவே. 1976இல் நோயாளர் தொகை 64 லட்சத்தைத் தாண்டியபோது, பழைய கேள்வி மீண்டும் எழுந்தது.

நர்மதையில் ஜபல்பூருக்கு அருகே பர்கி அணையின் நீர்த்தேக்கத்தை ஒட்டிய ஊர்களை நீரு சிங்கும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்து 1999இல் வெளியிட்டனர். நீர்விளிம்பை ஒட்டிய ஊர்களில் மலேரியா மிகுதியாகவும் தொலைவிலுள்ள ஊர்களில் குறைவாகவும் இருந்தது. இவ்வூர்கள் முழுதும் மூழ்கியவை அல்ல; ஆகவே மறுவாழ்வுக் கணக்கில் எளிதில் அடங்காதவை. பாசனம் கீழ்ப்பகுதிக்குப் போவதால் அப்பயனும் அவற்றுக்கு இல்லை. ‘மூழ்கிய ஊர்’ என்ற தொடர் நமக்குப் பழகிவிட்டது. நீரோரம் எஞ்சிய ஊருக்குச் சொல் இல்லை. சொல் இல்லாதவர் அட்டவணையில் இடம்பெறுவதும் அரிது.

தார்ப் பாலைவனத்தில் நிகழ்ந்தது வேறு வகையானது. அங்கு மழைநீரை நிலத்தடியில் சேமிக்கும் ‘டாங்கா’ என்னும் தொட்டிகளில் வாழ்ந்துவந்தது அனாபிலிஸ் ஸ்டெபன்சி. இந்திரா காந்தி கால்வாய் வந்தபின், அதன் கசிவுநீரிலும் வயலிலும் குலிசிபேசிஸ் பரவியது. 1994இல் மேற்கு இராஜஸ்தானில் பெருங்கொள்ளை ஏற்பட்டது. அவ்வாண்டின் மிகுமழையும் அதற்குத் துணைபோயிற்று. ‘டாங்கா’வும் ஆங்கில ‘டாங்க்’கும் உறவா, அன்றிப் போர்ச்சுகீசியச் சொல்லோடு நேர்ந்த கலப்பா என்ற வினாவை ‘ஹாப்சன்-ஜாப்சன்’ நீளமாக விவாதிக்கிறது. யூல் தம் இளமையில் தொட்ட சிக்கலின் இரு முனைகளும் இவ்வாறு அகராதியில் இடம்பெற்றுவிட்டன.

அணைக்குக் கீழேயும் தீங்கு நேரலாம். இலங்கையில் மகாவலித் திட்டத்தின் கொத்மலை அணை 1985இல் முடிந்தபின், ஆற்றில் ஓட்டம் குறைந்து பாறைக்குழிகளில் தெளிந்த நீர் நின்றது. மலேரியா அறியாத அம்மலைப்பகுதியில் 1986-87இல் நோய் தோன்றியது. எதிர்ப்பாற்றல் பெறாத மக்களாதலின் பெரியவர்களையும் அது பற்றியது. இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடாக உலக நலவாழ்வு நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. எனவே அணை இருப்பதாலேயே காய்ச்சல் நிலைத்துவிடும் என்பதும் இல்லை.

ஆப்பிரிக்காவைப் பற்றிய கணக்குகள் தெளிவானவை. எத்தியோப்பியாவின் திக்ரே பகுதியில் சிற்றணைகளுக்கு 3 கிலோமீட்டருக்குள் வாழ்ந்த குழந்தைகளையும் 8 முதல் 10 கிலோமீட்டர் தொலைவில் வாழ்ந்தோரையும் ஒப்பிட்ட 1999ஆம் ஆண்டு ஆய்வு, அணைக்கருகே நோய் ஏழு மடங்கு மிகுதி எனக் கண்டது. அவ்வாய்வின் முதன்மை ஆசிரியர் கெப்ரேயெசுஸ் 2017இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் தலைமை இயக்குநரானார். சகாராவுக்குத் தெற்கே 1,268 அணைகளைக் கணக்கிட்ட 2015ஆம் ஆண்டு ஆய்வின்படி, அவற்றில் 723 மலேரியாப் பகுதியில் உள்ளன, ஏறத்தாழ 1.5 கோடி மக்கள் நீர்த்தேக்கத்துக்கு 5 கிலோமீட்டருக்குள் வாழ்கின்றனர். ஆண்டுக்குக் குறைந்தது 11 லட்சம் நோய்ப்பாடுகள் அணைகளோடு தொடர்புடையவை. ஆண்டு முழுவதும் காய்ச்சல் நிலவும் இடத்தில் அணை புதிதாகச் சேர்ப்பது கொஞ்சமே; பருவத்தில் மட்டும் தலைகாட்டும் இடத்தில்தான் வறள்காலத்தையும் நோய்க்காலமாக்கிவிடுகிறது.

மொழிபெயர்ப்பில் நேர்வது

இவ்வரலாற்றைத் தமிழில் சொல்ல முனைவோர் மூன்று இடங்களில் இடறுகின்றனர். வடிகால் என்ற நல்ல சொல் இருக்க, ‘கழிவுநீர் அகற்றல்’ என்று எழுதப்படுகிறது. கர்னால் குழு பேசியது சாக்கடையைப் பற்றி அன்று. இதன் தொடர்ச்சியாக, மலேரியாக் கொசு அழுக்குநீரில் பெருகுவது என்று நலக்கல்வித் துண்டறிக்கைகள் பலவற்றில் படிக்கிறோம். சாக்கடையில் பெருகுவது கியூலக்ஸ். யானைக்கால் நோயைப் பரப்புவது அது. குலிசிபேசிஸ் நாடுவது தெளிந்த நீரை. கொசு என்ற ஒரே சொல் எல்லாவற்றையும் குறிப்பதால் வாசகர் சாக்கடையை மூடிவிட்டு, பளிங்குபோல் கிடக்கும் கசிவுநீர்க் குட்டையைக் கவலையின்றிக் கடந்து போகிறார்.

மூன்றாவது நுட்பமானது. தமிழில் ‘தேங்கு’ தன்வினை, ‘தேக்கு’ பிறவினை. நீர் தேங்கியது என்றால் செய்தவர் இல்லை. நீரைத் தேக்கினர் என்றால் உண்டு. ஆங்கில மூலத்தில் நிற்கும் நீர் ஒன்றாகவும் அணையால் நிறுத்தப்பட்ட நீர் வேறாகவும் பிரித்துச் சொல்லப்பட்டிருக்க, தமிழில் இரண்டும் ‘தேங்கிய நீர்’ ஆகிவிடுகின்றன. மனிதர் உண்டாக்கிய மலேரியா என்று ஒரு வகையையே பிரித்துப் பேசும் துறையில் இக்குழப்பம் சிறியதன்று. இவ்வாறே ‘நீர்மட்டம் இறங்கியது’ என்பது கோடையின் செயல். ‘நீர்மட்டத்தை இறக்கினர்’ என்பது மதகைத் திறந்தவரின் செயல். எத்தியோப்பியாவின் கொக்கா நீர்த்தேக்க ஆய்வுகள், நாளொன்றுக்கு மட்டம் எத்தனை மில்லிமீட்டர் இறங்கினால் விளிம்புக் குட்டைகளில் புழு குறைகிறது என்று அளந்தபோது கருதியது இவ்விரண்டாவதை. அதாவது, அணையை இயக்குபவர் கையில் இருப்பதை. அண்மையில் நான் பார்த்த தமிழாக்கம் ஒன்றில் அது ‘நீர் வற்றுதல்’ என்று இருந்தது. வற்றுவதற்கு மதகு தேவையில்லை.